கடைசிப் புள்ளி

கடையின் பின்னறையில் பதினாறு வருடமாக வெப்சைட்டையும் வீட்டார் எல்லாருடைய மெயிலையும் சுமந்துகொண்டு ஓயாமல் உறுமிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் பெட்டி, வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மூச்சை நிறுத்திக்கொண்டது.

பழகிப்போன அந்தச் சத்தத்தை இப்போதெல்லாம் யாரும் காதில் வாங்குவதில்லை. நின்ற பிறகுதான், அப்பாவுக்குப் பின் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிவரும் போர்டுக்காரர் கையிலிருந்த ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "என்ன, கடையே செத்த மாதிரி இருக்கு?" என்று உள்ளே எட்டிப் பார்த்தார். பச்சை விளக்கு எரியவில்லை. தட்டினார். வயரைப் பிடுங்கிச் சொருகினார். அப்பா திட்டுவது போலவே ஒரு தடவை திட்டியும் பார்த்தார். அது மசியவில்லை.

சாகிறதுதான் சாகிறது, ஒரு நாள் பொறுத்துச் செத்திருக்கக் கூடாதா?

இன்றைக்குத்தான் அக்காவின் மெயில் வர வேண்டும்.

போன வாரம் லாரி ஓட்டுநர் கொடுத்துவிட்டுப் போன காகிதம், இன்னும் அம்மாவின் கண்ணாடிக் கூட்டுக்குள்தான் இருந்தது. எங்கோ தூரத்து ஊரில் சரக்கு ஏற்றும்போது, சரக்குச் சீட்டில் 'எழுத்துக்கூடம்' என்ற கடைப் பெயரைப் பார்த்துவிட்டு ஒரு பெண்மணி நின்ற இடத்திலேயே நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தாளாம். ஃபோன் நம்பர் கேட்டதற்குச் சிரித்தாளாம்.

'அப்பா, வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் உங்கள் பழைய மெயில் முகவரிக்கு எழுதுகிறேன். பொழுது சாய்வதற்குள் ஒரு வார்த்தை பதில் வந்தால் போதும். வராவிட்டால் புரிந்துகொள்வேன். அப்புறம் தொந்தரவு செய்யமாட்டேன்.'

ஒன்பது வருடத்துக்கு முன்பு வெளியூர் வேலைக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, கிளம்புகிற அன்றைக்குத்தான் வீட்டில் சொன்னாள் அக்கா. அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "போனா போனதுதான்" என்றார். சொன்ன சொல்லை அவர் திரும்ப வாங்கவில்லை. இவளும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் ரோஷம் எட்டடி பாய்ந்தால் மகளுடையது பதினாறடி பாய்ந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அப்பா போய்ச்சேர்ந்தபோது, அவளுக்குச் சொல்லப் பார்த்தால் பழைய விலாசம், மெயில் எதிலும் அவள் இல்லை; தேடி அலையாத இடமில்லை.

அது அவளுக்கு இன்னமும் தெரியாது. காகிதத்தில் 'அப்பா' என்று ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் அம்மா அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசவில்லை.

போர்டுக்காரர் தங்கைக்கு ஃபோன் போட்டார். வயது முப்பத்தாறு ஆகியும், ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் நாலு பேரை மேய்த்தும், வீட்டில் அவள் இன்னும் குட்டிதான்.

"குட்டி, பெட்டி போயிடுச்சு."

"எந்தப் பெட்டி? அய்யோ, அதுவா! இன்னைக்கேவா?"

"இன்னைக்கேதான். கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு."

"பதறாதே அண்ணா. இது எப்ப வேணும்னாலும் நடக்கும்னு தெரிஞ்சுதான் போன மாசமே ரெண்டு இடம் பிடிச்சு வெச்சேன். கடையோட வெப்சைட்டு ஒரு கம்பெனியில. மெயிலுக்குன்னு தனியா இன்னொரு சர்வர். அங்க எல்லார் பேருக்கும் டப்பா திறந்தாச்சு, அப்பா பேருக்கும் சேர்த்து. இப்ப நம்ம பேரைப் பதிஞ்சு வெச்சிருக்கிற இடத்துக்குப் போய், வெப்சைட்டுக்கு இந்த வழி, மெயிலுக்கு அந்த வழின்னு எழுதணும். அவ்வளவுதான்."

"நீ வந்து எழுதிடேன்."

"மூணரை வரைக்கும் இங்கேர்ந்து அசைய முடியாது. இங்க இருக்கிற கம்ப்யூட்டர்ல வெளி சைட் எதுவும் திறக்காது. அதுவும் போக, உள்ளே நுழையற ரகசிய எண் அப்பாவோட பழைய ஃபோனுக்குத்தான் வரும். அது உன் டிராயர்ல இருக்கு. என்ன எழுதணும்னு நான் அனுப்பறேன். அப்படியே எழுது. அப்படியேன்னா அப்படியே. உன் கைவரிசையைக் காட்டாதே."

தங்கை கட்டளை போட அண்ணன் கேட்டுக்கொள்வது அந்தக் குடும்பத்தில் புதிதில்லை.

பதினொரு மணிக்கு அம்மா டீ ஃபிளாஸ்க்கோடு வந்து சேர்ந்தாள். முப்பத்திரண்டு வருடம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். இப்போதும் யாராவது தப்பாகப் பேசினால் "ராங் நம்பர்" என்றுதான் திட்டுவாள். மேஜையில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் பதிவுப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்த மகன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டினாள்.

"என்னடா இது, எம்.எக்ஸ்.னு போட்டிருக்கு?"

"குட்டி சொன்னா, மெயில் எக்ஸ்சேஞ்சராம்."

"அட, நம்ம ஆபீஸு!" அம்மா முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப இது ஒண்ணும் பெரிய வித்தை இல்லடா. இந்தப் பேருக்கு ஃபோன் வந்தா எந்த வயரைச் சொருகணும்னு எழுதிவெக்கறதுதானே? எங்க காலத்துல ஒரு சொருகு மாத்திச் சொருகினா, கல்யாண வீட்டுக்கு வர்ற ஃபோன் போலீஸ் ஸ்டேஷன்ல அடிக்கும். பார்த்துச் செய்."

குட்டி அனுப்பியது மூன்றே வரி. முதல் வரி வெப்சைட்டுக்கு, ஒரு நீளமான எண். இரண்டாவது வரியில் 'மெயில்' என்ற பெயருக்கு அந்தத் தனி சர்வரின் எண். மூன்றாவதில்தான் விஷயமே இருந்தது. எழுத்துக்கூடத்துக்கு வருகிற தபாலையெல்லாம் எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்கிற வரி அது.

மெயில்.எழுத்துக்கூடம்.காம்.

கடைசியில் ஒரு புள்ளி.

போர்டுக்காரரின் விரல் நின்றது.

முப்பது வருடமாக அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு. இனிஷியலுக்குப் புள்ளி வைக்கலாம். மெய்யெழுத்துக்கு வைத்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு பெயரை எழுதி முடித்த பிறகு, அதன் வாலில் முற்றுப்புள்ளி வைக்கவே கூடாது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் அப்பா முதல் நாள் சொல்வதே இதைத்தான். "பேருக்கு என்னடா முற்றுப்புள்ளி? அவன் கடையைத் திறக்கப் போறானா, மூடப் போறானா?" ஒரு தடவை வாடிக்கையாளரே கேட்டும் வைக்கமாட்டேன் என்று, முக்கால்வாசி எழுதின போர்டைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

மெய்யெழுத்துப் புள்ளி என்றால் அது அக்காவின் இலாகா. அப்பா எல்லா எழுத்தையும் எழுதி முடித்து, ஏணியிலிருந்து இறங்கி, தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "புள்ளிக்காரி எங்கே?" என்று குரல் கொடுப்பார். பத்து வயது அக்கா பாவாடையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறுவாள். மூச்சைப் பிடித்து, ஒரே அழுத்து. காம்பஸ் வைத்த மாதிரி வட்டமாக விழும்.

தம்பிக்கும் அந்த வேலை ஒரே ஒரு நாள் கிடைத்தது. அக்காவுக்குக் காய்ச்சல். பல் டாக்டர் போர்டு. 'பல் மருத்துவர்' என்பதில் பல்லுக்கு வைக்க வேண்டிய புள்ளியை, வேடிக்கை பார்த்துக்கொண்டே மறந்துவிட்டு இறங்கிவிட்டான் பையன். மறுநாள் டாக்டர் நேரில் வந்து, "நான் ஒருத்தன்தானே இருக்கேன், 'பல மருத்துவர்'னு எழுதியிருக்கீங்களே, மத்தவங்க எங்கே?" என்று கேட்டார். அப்பா சிரித்த சிரிப்பில் டாக்டரும் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். ஒரு வாரம் முழுக்க அக்கா அவனை 'பல தம்பி' என்றுதான் கூப்பிட்டாள்.

நினைத்தால் இப்போதும் அவருக்குத் தனியாகச் சிரிப்பு வந்துவிடும்.

"என்னடா யோசனை?" என்றாள் அம்மா.

"பேருக்குப் பின்னாடி முற்றுப்புள்ளி வெச்சிருக்கா குட்டி. வாக்கியம் முடிஞ்சிடுச்சுன்னு வெச்சிருப்பா."

"அப்பா இருந்தா விடுவாரா?"

"விடவே மாட்டார்."

அம்மாவும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டுக்காரர் புள்ளியை அழித்தார். சேமி என்று இருந்ததை அழுத்தினார். பச்சையாக ஒரு டிக் விழுந்தது.

கால் மணி நேரத்தில் கடையின் வெப்சைட் புது இடத்திலிருந்து எழுந்து வந்தது. எழுத்து, படங்கள், அப்பா ஏணிமேல் நிற்கிற பழைய ஃபோட்டோ, எல்லாம் இருந்தன. "பார்த்தியா, எழுத்து வேலைன்னா நம்மகிட்டதான்" என்று போர்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். மத்தியானம் முழுக்க மெயில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. அக்கா இன்னும் எழுதவில்லை போலிருக்கிறது என்று ஆளுக்கொரு தடவை சொல்லிக்கொண்டார்கள்.

மூன்று நாற்பதுக்குக் குட்டியின் ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அண்ணா, கிளம்பும்போது அப்பா முகவரிக்கு ஒரு சோதனை மெயில் போட்டேன். திரும்பி வந்துடுச்சு."

"திரும்பின்னா?"

"அப்படி ஒரு இடமே இல்லைன்னு திரும்பிடுச்சு. இதைப் பாரு."

அவள் நீட்டிய ஃபோனில், நடுவில் கறுப்பாக ஒரு வரி இருந்தது. மெயில்.எழுத்துக்கூடம்.காம்.எழுத்துக்கூடம்.காம்.

"நம்ம பேரு எதுக்கு ரெண்டு தடவை இருக்கு?" என்றார் போர்டுக்காரர்.

குட்டி அவரையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கண் சிறுத்துக்கொண்டே போனது.

"அண்ணா. நான் அனுப்பினதுல கடைசியா ஒரு புள்ளி இருந்துச்சே?"

"இருந்துச்சு."

"அதை என்ன பண்ணினே?"

"பேருக்கு எதுக்கு முற்றுப்புள்ளின்னு..."

"அய்யோ அண்ணா!" குட்டி தலையில் அடித்துக்கொண்டாள். ஹெல்மெட் இருந்ததால் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. "அது முற்றுப்புள்ளிதான்! பேரு இங்க முடிஞ்சுதுன்னு சொல்றதுக்குத்தான் அந்தப் புள்ளி. அது இல்லன்னா, இன்னும் முடியல, இது நம்ம வீட்டுப் பிள்ளைதான்னு நெனச்சு, பின்னாடி நம்ம குடும்பப் பேரையே இன்னொரு தடவை ஒட்டிவிட்டுடும். எல்லா இடத்துலயும் இப்படி இல்ல. அக்கா பதிஞ்சது பழைய காலத்துக் கம்பெனி, அங்க புள்ளியை நாமதான் வெக்கணும். அப்படியே எழுதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

"அப்பா சட்டம் குட்டி..."

"அப்பா சட்டம் தகர போர்டுக்கு!"

அம்மா குறுக்கே வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பதினொரு மணியிலேர்ந்து இப்ப வரைக்கும் வந்ததெல்லாம்?"

குட்டியின் குரல் இறங்கிவிட்டது. "எல்லாமே திரும்பிப் போயிருக்கும்மா."

மத்தியானம் எழுதுகிறேன் என்று சொன்னவள், சொன்னால் சொன்னபடி எழுதுகிறவள். அவள் எழுதியிருப்பாள். அது இங்கிருந்து முகத்தில் அடித்தாற்போல் திரும்பிப் போயிருக்கும். ஒன்பது வருடம் கழித்து வந்து கதவைத் தட்டியவளிடம், இப்படி ஒரு வீடே இல்லை என்று சொல்லி அனுப்பியாயிற்று. சொன்னது அவள் தம்பி.

குட்டி உட்கார்ந்தாள். ஒரு புள்ளி வைத்தாள். சேமித்தாள்.

"சரியாயிடுச்சா?" என்றார் அவர்.

"இங்க சரியாயிடுச்சு. வெளியில இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் பழைய தப்பையே ஒரு மணி நேரம் ஞாபகம் வெச்சிருக்கும். அதுவரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்."

அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பார்கள். ஒரு மணி நேரம் என்பது அன்றைக்கு எவ்வளவு நீளம் என்று அந்த மூன்று பேருக்குத்தான் தெரியும்.

அம்மா எழுந்து பின்னறைக்குப் போய், செத்துப்போன பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அக்கா தன் முதல் சம்பளத்தில் வாங்கிப் பொருத்தியது. ஆளுக்கொரு முகவரி அவள்தான் போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் முதல் மெயிலை அவர் சொல்லச் சொல்ல அவள்தான் அடித்தாள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த மகனுக்குத்தான் அந்த மெயில். 'நலம், நலமறிய அவா' என்று ஆரம்பித்து, 'வரும்போது டர்பன்டைன் வாங்கி வரவும்' என்று முடிந்தது.

"அவ போனதுக்கப்புறம்கூட தினமும் கேட்பார்டா, தபால் வந்துதான்னு" என்றாள் அம்மா. "ஃபேன் சத்தம் தாங்கல, அணைச்சுடலாம்னு நான் ஒரு நாள் சொன்னேன். கையைத் தட்டிவிட்டுட்டார். இது ஓடினாத்தானே அவ எழுதினா வந்து சேரும்னார். அதுக்கு ஒரு வார்த்தை நீங்களே எழுதினா என்னன்னு கேட்டேன். எழுந்து வெளியில போயிட்டார்."

குட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போர்டுக்காரர் கடை முகப்பைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு மேல் அப்பா கையால் எழுதிய முதல் போர்டு. எழுத்துக்கூடம். அதில் மூன்று புள்ளி. மூன்றும் அக்கா வைத்தவை. எத்தனையோ தடவை எழுத்துக்குப் புதுச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அந்த மூன்று புள்ளியை மட்டும் அப்பா யாரையும் தொடவிட்டதில்லை.

ஐந்து மணிக்குக் குட்டி மறுபடி போட்ட சோதனை மெயில் வந்து விழுந்தது. யாரும் கைதட்டவில்லை.

ஐந்து இருபதுக்கு இன்னொன்று வந்தது.

"அம்மா" என்றாள் குட்டி. திரையை அண்ணன் பக்கம் திருப்பினாள். போர்டுக்காரர்தான் படித்தார்.

'அப்பா, ஒரு மணிக்கு எழுதினேன். எழுதின கையோடு திரும்பி வந்துவிட்டது. போனா போனதுதான் என்று சொன்ன மனுஷர் சொன்னபடியே இருக்கிறார் என்று நினைத்துக் கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். ரொம்ப நேரம் அழுதேன். அப்புறம்தான் எதற்காகத் திரும்பியது என்று படித்துப் பார்த்தேன். நம் கடைப் பெயர் இரண்டு தடவை இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அப்பா. நம்ம பல தம்பி கடைசிப் புள்ளியை எடுத்திருக்கிறான்!'

போர்டுக்காரர் நிறுத்தினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே படித்தார்.

'அவனாக எடுத்திருக்க மாட்டான். பின்னால் நீங்கள் நின்றுகொண்டு, பேருக்கு என்னடா முற்றுப்புள்ளி என்று அதட்டியிருப்பீர்கள். அந்தக் குரல் இங்கேயே கேட்டது. நீங்கள் கொஞ்சமும் மாறவில்லை. எனக்கு அது போதும். இதற்காகவா ஒன்பது வருடம் வீம்பு பிடித்தேன் என்று வெட்கமாக இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள். இன்றைக்கே கிளம்பிவிடுகிறேன்.'

வெளியே வெயில் மஞ்சளாகி, எதிர்க்கடைச் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"தள்ளு" என்றாள் அம்மா. குட்டி நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"அம்மா, இரு. இங்கேர்ந்து எழுதினா அப்பா பேர்லதான் போகும். அவர் எழுதினதாத்தானே நெனப்பா?"

"நெனக்கட்டும்."

"அது ஏமாத்தறது இல்லையாம்மா? வந்து நிக்கும்போது என்ன சொல்லுவே?"

"இப்ப சொன்னா வருவாளா? அங்கேயே ஒத்தையா உக்காந்து அழுவா. தோள்ல கை வெக்க ஆள் இருக்குமோ இருக்காதோ." அம்மா குரல் ஒரு தரம் உடைந்து, மறுபடி நேரானது. "முப்பத்திரண்டு வருஷம் எத்தனையோ சாவுச் சேதியை வயர்ல அனுப்பியிருக்கேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லாமப் போகும் பாரு, அதைக் கேட்டவ நான். என் பொண்ணுக்கு வயர்ல சொல்ல மாட்டேன். வரட்டும். வாசல்ல நான் சொல்லிக்கறேன்."

குட்டி கீபோர்டை அம்மா பக்கம் நகர்த்திக் கொடுத்தாள்.

அம்மா ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தாள். எழுதியது ஒரே எழுத்து.

'வா'

அனுப்பும் முன் மகனைப் பார்த்தாள். "புள்ளி வெக்கணுமா?"

"வேண்டாம்மா" என்றார் அவர்.

அனுப்பினாள். 'போனா போனதுதான்' என்ற வார்த்தைக்குப் பதில் சொல்ல அந்த வீட்டுக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது.

மூன்று நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. இந்தத் தடவை அம்மாவே வாய்விட்டுப் படித்தாள்.

'காலை ஏழு மணி ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு நீங்கள் வர வேண்டாம் அப்பா, முட்டி வலிக்கும். கடையிலேயே இருங்கள். உங்களுக்குப் பிடித்த சன்னத் தூரிகை ஒன்று போன வருடமே வாங்கி வைத்துவிட்டேன். என் கையாலேயே கொண்டுவந்து தருகிறேன்.'

தூரிகை என்ற இடத்தில் அம்மாவின் குரல் நின்றுபோனது. வாசலில் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று அத்தனை திடமாகச் சொன்னவள், கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னால முடியாதுடா" என்றாள் கைகளுக்குள்ளிருந்து. "அதைக் கையில வெச்சுக்கிட்டு அவ உள்ளே வந்து தேடுவா. என்னால பார்க்க முடியாது."

குட்டி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். போர்டுக்காரர் மேஜை டிராயரைத் திறந்து, அப்பாவின் பழைய ஃபோனை உள்ளே வைத்து மூடினார். பல் டாக்டர் போர்டிலிருந்து இன்றைய தேதி வரை, அவர் வைக்காமல் விட்ட புள்ளியையெல்லாம் வேறு யாராவதுதான் வைத்திருக்கிறார்கள்.

"ஸ்டேஷனுக்கு நான் போறேன்ம்மா" என்றார். "அவ கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன். இந்தப் புள்ளியை நான்தான் வெக்கணும்."

அம்மா கையை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"ரயில்லேர்ந்து அவ கால் தரையில படட்டும். கையில இருக்கிறதை நீ வாங்கிக்கோ. அப்புறம் சொல்லு."

"சரிம்மா."